மாற்றிய கருவிழியைக் காக்கும் வகை

தமிழ் மக்கள் தமக்கு உயிரினும் இனியதாகிய பொருளைக் கண் என்று அழைப்பர். தாய் தன் மகவைக் கண்ணே என்று விளிக்கின்றாள். கல்வியைக் கண் என்று போற்றுதல் நம் முன்னோர் வழக்கு. பிறர் துயர் கண்டு இரங்கும் பண்பினைக் கூறத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. அதன் பெயர் கண்ணோட்டம் என்பது. இங்ஙனம் கண்ணுக்கும் இரக்கத்துக்கும் சொல்லளவில் அமைந்த உறவு செயலளவில் விளங்கும் இடம் ஒன்று இக்காலத்தே உளது. இறந்தார் ஒருவரது கண்ணின் சிறு பகுதியை எடுத்து, பார்வை குன்றி வருந்தும் மற்றொருவர் கண்ணிற் பொருத்தி, அவர்க்கு ஒளி வழங்கும் அறுவையே அஃது.

இவ்வறுவையைப் பற்றிப் பலரும் வியந்து பேசுவர். எங்ஙனம் எடுக்கின்றனர், எங்ஙனம் பொருத்துகின்றனர், எவ்வளவு பொருள் செலவாகும் என்றெல்லாம் வினவுவர். ஆயின், அறுவை முடிந்து வீடு திரும்பிய பின்னர் அக்கண்ணைக் காப்பது எங்ஙனம் என்று வினவுவோர் மிகச் சிலரே. அறுவை செய்தல் மருத்துவர் தொழில். அஃது ஓரிரு மணி நேரத்தில் முடிவது. பொருத்திய படலத்தைத் தெளிவு கெடாமல் வைத்திருத்தல் நோயாளியின் தொழில். அஃது ஆண்டுக்கணக்கில் நீள்வது. முன்னது செவ்வனே முடிந்தும் பின்னது தவறியமையாற் பார்வை கெடுதல் உண்டு. ஆதலின், இக்கட்டுரையில் யாம் கூறப் புகுவது அவ்விரண்டாம் தொழிலைப் பற்றியதே. யாம் மருத்துவம் பயின்றோம் அல்லேம். மருத்துவர்கள் யாவரும் ஒருமுகமாகக் கூறுவனவற்றை நம் மொழியில் தொகுத்துரைப்பதே எம் நோக்கம். அவரவர்க்கு அவரவர் மருத்துவர் இட்ட கட்டளையே முதன்மையானது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றோம்.

கருவிழிப்படலத்தின் இயல்பு

ஒருவரது கண்ணை எதிரே நின்று நோக்கினால், வெள்விழியின் நடுவே கரிய வட்டம் ஒன்று தோன்றும். அதனைக் கருவிழி என்கின்றோம். அக்கருமை, உள்ளே இருக்கும் திரையின் நிறமும் பாவையின் இருளுமேயன்றி, மேலே மூடியிருக்கும் படலத்தின் நிறம் அன்று. கடிகாரத்தின் முகத்தைக் கண்ணாடி மூடியிருத்தல்போல, அத்திரைக்கு முன்னே நிறமற்ற தெளிந்த படலம் ஒன்று கவிந்துள்ளது. அதனையே ஈண்டுக் கருவிழிப்படலம் என்கின்றோம். அதன் குறுக்களவு 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுவிடத்துத் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இத்துணைச் சிறிய உறுப்பாயினும், கண்ணுட் புகும் ஒளியைக் குவிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இதனுடையதே.

உடம்பின் ஏனைய பகுதிகளைப்போல இதன்கண் இரத்தக் குழாய்கள் இல்லை. இருப்பின் ஒளி தடைப்படும் அன்றோ? வேண்டும் உயிர்வளியைக் காற்றிலிருந்து கண்ணீர் வாயிலாகவும், உணவைக் கண்ணினுள்ளே நிறைந்துள்ள நீரிலிருந்தும் இது பெறுகின்றது. இதன் உட்புறத்தே ஒரே வரிசையாக உயிரணுக்கள் பரந்துள்ளன. வயலிலே தேங்கும் நீரை ஏற்றம் இறைத்து வெளியேற்றுதல்போல, படலத்தினுட் கசியும் நீரை இவ்வணுக்கள் இரவும் பகலும் இறைத்து வெளியேற்றுகின்றன. இவை ஓய்ந்தாற் படலம் நீர் ஊறித் தடித்து, பனி படிந்த கண்ணாடிபோல் வெளுத்துவிடும். இதில் நாம் மறவாது கருதவேண்டுவது ஒன்றுண்டு. மனிதரிடத்தில் இவ்வணுக்கள் அழியுமாயின், புதியன பிறந்து அவ்விடத்தை நிரப்புவதில்லை. எஞ்சியவை சற்றே விரிந்து வெற்றிடத்தை மூடும், அவ்வளவே. பின்னர்க் கூறவிருக்கும் எச்சரிக்கைகளுக்கெல்லாம் அடிப்படை இவ்வுண்மையே.

படலம் கெடுவதற்குக் காரணங்கள் பல. அறுவடையின்போது நெல்லுமியோ தாளின் நுனியோ கண்ணிற் பட்டுக் காளான் வகைக் கிருமிகளாற் புண் உண்டாதல் நம் நாட்டு உழவரிடையே மிகுதி. சுண்ணாம்பு முதலிய காரப்பொருள்கள் தெறித்து வெந்துபோதல் மற்றொன்று. படலம் மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் நோய் இளைஞரைப் பற்றுவது. கண்புரை அறுவைக்குப் பின் உட்புற அணுக்கள் தளர்ந்துபோதல் முதியோரிடத்துக் காணப்படுவது.

மாற்றப்படுவது யாது?

கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து இறைவனுக்கு அப்பிய வரலாற்றைப் பெரியபுராணத்திற் பயின்றோர், இவ்வறுவையிலும் கண் முழுவதும் மாற்றப்படுகின்றது என்று எண்ணுதல் இயல்பு. அஃது அவ்வாறன்று. முழுக்கண்ணையும் மாற்றிப் பார்வை தரும் வழி இன்னும் கைகூடவில்லை. மாற்றப்படுவது முன்னே உள்ள கருவிழிப்படலம் அல்லது அதன் ஓர் அடுக்கு மாத்திரமே. கண்ணின் நரம்பும் உட்திரையும் நலமாயிருந்தாலன்றி இம்மாற்றத்தாற் பயனில்லை.

மனிதர்க்கு இவ்வறுவை முதன்முதலில் வெற்றியுடன் செய்யப்பட்டது 1905ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 7ஆம் நாள். செய்தவர் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர். இடம் இன்று செக் குடியரசில் உள்ள ஓலோமௌட்ஸ் நகரம். சுண்ணாம்பினாற் கண் வெந்த கூலியாள் ஒருவருக்கு, காயமுற்று அகற்றவேண்டியதாயிருந்த ஒரு சிறுவனது கண்ணிலிருந்து எடுத்த படலத்தை அவர் பொருத்தினார். இரு கண்களிற் பொருத்தியதில் ஒன்று கெட்டது. மற்றொன்று தெளிவாக நின்றது. பின்னர் 1930ஆம் ஆண்டுகளில், ஒடெசா நகரத்து மருத்துவர் பிலாத்தோவ் என்பவர் இறந்தோர் கண்களிலிருந்து படலம் எடுத்துப் பொருத்தும் முறையைப் பரப்பினார். நம் சென்னை எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் 1945ஆம் ஆண்டில் டாக்டர் முத்தையா அவர்கள் முயற்சியாற் கண் வங்கி நிறுவப்பட்டது. இந்திய நாட்டின் முதற் கண் வங்கி அதுவே என்பது தமிழர்க்குப் பெருமை தருவதொன்று.

அறுவையின் வகைகள்

பிற்காப்பு அறுவையின் வகைக்கேற்ப வேறுபடும் ஆதலின், வகைகளைச் சுருக்கமாக அறிதல் நலம். அவை பொதுவாக மூன்று.

முதலாவது, கெட்ட படலத்தை முழுத் தடிப்பும் வட்டமாக வெட்டியெடுத்துப் புதிய படலத்தைத் தைத்தல். மயிரினும் மெல்லிய நைலான் இழையால் இத்தையல் இடப்படும். காயம் ஆறுதல் மிக மெதுவாக நிகழும். தையல்கள் சில மாதங்கள் கழித்தே ஒவ்வொன்றாக அகற்றப்படும். சில ஓராண்டுக்கு மேலும் நிற்கும். பார்வை நிலைபெற ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதன்பின்னும் கண்ணாடி தேவைப்படலாம்.

இரண்டாவது, உட்புற அணு வரிசை நலமாயிருப்பின் அதனை அவ்வாறே வைத்து, முன்னடுக்குகளை மாத்திரம் மாற்றித் தைத்தல். தம் அணுக்களே உள்ளே நிற்றலின், மிகக் கொடியதாகிய உட்புற மறுப்பு இவர்க்கு நேர்வதில்லை.

மூன்றாவது, முன்னடுக்குகளை விட்டு, உட்புறத்து மெல்லிய அடுக்கை மாத்திரம் மாற்றுதல். இதில் புதிய அடுக்கைக் காற்றுக் குமிழியோ வாயுக் குமிழியோ கொண்டு அழுத்தி ஒட்டச் செய்கின்றனர். குமிழி மேல்நோக்கி எழும் இயல்பினது. அடுக்கு இருப்பதோ கண்ணின் முன்புறத்தே. ஆதலின், நோயாளி மருத்துவர் சொன்ன கால அளவு மல்லாந்து முகம் மேல்நோக்கப் படுத்திருத்தல் வேண்டும். இவர்க்குப் பார்வை சில வாரங்களிலேயே தெளியத் தொடங்கும். ஆனால் குமிழி கண்ணில் உள்ளவரை வானூர்தியில் ஏறுதலும், உதகை, கோடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளுக்குச் செல்லுதலும் ஆகா. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து, குமிழி விரிந்து, கண்ணினுள் அழுத்தம் மிகும்.

முதற் சில வாரங்கள்

அறுவையான கண் முதற் சில நாட்கள் சிவந்திருத்தலும், நீர் வடிதலும், மணல் விழுந்தாற்போல் உறுத்துதலும், வெளிச்சத்திற்குச் சற்றே கூசுதலும் இயல்பு. இவை நாளுக்கு நாள் குறைந்துவரும். பார்வையும் ஒரு நாள் சற்றுத் தெளிவாகவும் ஒரு நாள் சற்று மங்கலாகவும் இருக்கக்கூடும். இவை கண்டு கலங்கவேண்டுவதில்லை.

இக்காலத்தில் விலக்கத்தக்கனவற்றுள் தலையாயது கண்ணைக் கசக்குதல். விழித்திருக்கும்போது கசக்காதவரும் உறக்கத்திற் கசக்குவர். ஆதலின் இரவில் மருத்துவர் தந்த கண்மூடியைக் கட்டிக்கொண்டே உறங்கவேண்டும். அறுவையான பக்கமாகச் சாய்ந்து படுத்தலும் ஆகாது. பகலில் கண்ணாடியோ கறுப்புக் கண்ணாடியோ அணிதல் தூசிக்கும் விரல் படுவதற்கும் காப்பாகும்.

நீரும் சவர்க்காரமும் சிகைக்காய்த் தூளும் கண்ணிற் புகலாகாது. உடம்புக்கு நீராடத் தடையில்லை. முகத்தை ஈரத்துணியால் ஒற்றித் துடைத்தல் போதும். மருத்துவர் தலைமுழுக இசைந்த பின்னரும், தலையைப் பின்புறமாகச் சாய்த்துப் பிறரைக் கொண்டு கழுவச் செய்தல் நன்று. எண்ணெய் முழுக்கையும், ஆறு குளங்களில் மூழ்குதலையும் மருத்துவர் விடையளிக்கும்வரை தள்ளிவைத்தல் வேண்டும். நெல் மூட்டை, தண்ணீர்க் குடம் முதலிய பளுவான பொருள்களைத் தூக்குதலும், நெடுநேரம் குனிந்து வேலை செய்தலும், மலச்சிக்கலால் முக்குதலும் கண்ணின் அழுத்தத்தை ஏற்றுவன ஆதலின் சில வாரங்கள் விலக்கற்பாலன. அடுப்புப் புகை, களத்துத் தூசி, பட்டறைப் பொறி ஆகியவற்றினின்றும் விலகி நிற்றல் வேண்டும். படித்தலாலும் திரைப்படம் பார்த்தலாலும் படலத்திற்குக் கேடு இல்லை. கண் களைத்தால் ஓய்வு கொடுத்தல் போதும்.

முழுத் தடிப்பும் மாற்றப்பட்ட கண்ணைப் பற்றி ஒன்று சிறப்பாகக் கூறவேண்டும். அக்கண்ணின் வெட்டு வாய் முன்னிருந்த வலிமையை ஒருநாளும் முழுதும் பெறுவதில்லை. பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு பலத்த அடியினால் அது பிளந்துபோகக்கூடும். ஆதலின் பந்தாடும் மாணவரும், விறகு பிளப்பவரும், மிதிவண்டி ஓட்டுபவரும், மாடு கறப்பவரும் காப்புக் கண்ணாடி அணிதலை வாழ்நாள் வழக்கமாகக் கொள்ளல் வேண்டும்.

சொட்டு மருந்தின் முறை

அறுவைக்குப் பின் இடப்படும் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் இருவகை. ஒன்று கிருமிகளைத் தடுப்பது. இது சில வாரங்களில் நிறுத்தப்படும். மற்றொன்று ஸ்டீராய்டு என்னும் மருந்து. புதிய படலத்தை உடல் பகையென்று கருதித் தாக்காதபடி அடக்கி வைப்பது இதுவே. இதனை முதலில் அடிக்கடி இட்டு, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைத்துவருவர். சிலர்க்கு நாளொன்றுக்கு ஒரு சொட்டு என்னும் அளவில் ஆண்டுக்கணக்கில் தொடர்தலும் உண்டு.

கண் தெளிந்து பார்வை வந்துவிட்டது, இனி மருந்து எதற்கு என்று தாமே நிறுத்திவிடுதல் மிகப் பெருந்தவறு. பார்வை தெளிந்திருப்பதே அம்மருந்து காத்து நிற்பதனால் அன்றோ? அங்ஙனமே, நலமாயிருக்கிறது என்று அளவுக்குமேல் இடுதலும் தவறு. இம்மருந்தினாற் சிலர்க்குக் கண்ணினுள் அழுத்தம் உயரும். நெடுநாள் இடின் புரையும் வளரும். அழுத்தம் உயர்வது பெரும்பாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. கருவியால் அளந்தாலன்றி அறிய முடியாது. ஒரு குறையும் இல்லாத நாளிலும் குறித்த தவணையில் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பது இதுபற்றியே.

இடும் முறையும் எளியதே. கைகளைக் கழுவுக. பால்போல் வெளுத்த மருந்தாயின் குப்பியை நன்றாகக் குலுக்குக. கீழிமையைச் சற்றே இழுத்து, உண்டாகும் பள்ளத்தில் ஒரு சொட்டு விடுக. கருவிழியின்மேல் நேராக விடவேண்டுவதில்லை. குப்பியின் முனை இமையிலோ மயிரிலோ விரலிலோ படலாகாது. கண்ணை மெல்ல மூடி, மூக்கோரத்து மூலையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்துக. இரண்டு மருந்துகளாயின் இடையே ஐந்து நிமிடம் விடுக. இன்றேல் பின்னது முன்னதைக் கழுவிவிடும். திறந்து ஒரு மாதம் ஆன குப்பியை எறிந்துவிட்டுப் புதியது வாங்குக. ஒருவர் குப்பியை மற்றொருவர் வழங்கற்க. குப்பி தீரும்வரை காத்திராது, இரண்டு நாள் முன்னரே அடுத்ததை வாங்கி வைத்தல் வெளியூரில் வாழ்வோர்க்கு மிக இன்றியமையாதது.

உடல் மறுப்பது ஏன்?

நம் உடம்பிற்குத் தன்னுடையது இது, பிறருடையது இது என்று பகுத்தறியும் ஆற்றல் உண்டு. நோய்க்கிருமிகளினின்றும் நம்மைக் காப்பது அவ்வாற்றலே. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அதன் காவற்படை. பிறர் உறுப்பு உள்ளே வரின், அதுவும் அயலானதே என்று அப்படை அதனைத் தாக்கும். கருவிழிப்படலத்தில் இரத்தக் குழாய் இல்லாமையால் அப்படை அங்கே எளிதிற் சென்று சேர்வதில்லை. அதனாலேதான் இவ்வறுவைக்குப் பெரும்பாலும் இரத்தப் பிரிவுப் பொருத்தம் பார்த்தல் வேண்டுவதில்லை. வேறு உறுப்பு மாற்றங்களைவிட இது எளிதில் நிலைத்தும் நிற்கின்றது. ஆயினும் காவற்படை என்றும் வாராது என்று கொள்ளற்க. கிருமி நோயினாலோ, தளர்ந்த தையலினாலோ, மருந்தை நிறுத்தியதனாலோ கண் சிவந்து புதிய குழாய்கள் படலத்தை அணுகுமாயின், அப்படைக்குப் பாதை திறந்ததாகும். முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் இவ்வச்சம் மிகுதி, பிறகு குறையும், ஆயினும் பல ஆண்டுகள் கழித்து நேர்ந்ததும் உண்டு.

அப்படை தாக்குவது, முன்னர் யாம் கூறிய ஏற்றம்போன்ற உட்புற அணுக்களையே. அழிந்த அணு மீளப் பிறவாது. எனவே, தாக்குதல் தொடங்கியபின் கடக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பப் பெறலாகாத செல்வத்தை இழக்கும் நாளாகும். தொடக்கத்திலேயே சென்றால், ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மணிக்கொருமுறை என்னும் அளவில் மிகுவித்து, பெரும்பாலும் மருத்துவர் படலத்தை மீட்டுவிடுவர். பத்து நாள் கழித்துச் சென்றாலோ, மருந்து அதுவேயாயினும் காக்கப்படுதற்கு அணுக்கள் இரா.

நான்கு அறிகுறிகள்

மருத்துவர்கள் இவ்வாபத்தின் அறிகுறிகளை நான்காகத் தொகுத்துக் கூறுவர். நாம் அவற்றைத் தமிழில் நான்கு சொற்களால் நினைவிற் கொள்ளலாம்: சிவத்தல், கூசல், மங்கல், வலித்தல்.

சிவத்தலாவது, தெளிந்திருந்த வெள்விழி, சிறப்பாகக் கருவிழியைச் சுற்றிய ஓரம், மீண்டும் சிவப்பாதல். கூசலாவது, முன்னாள்வரை தாங்கிய வெளிச்சத்தை இன்று தாங்கமாட்டாது கண் இடுங்குதல். மங்கலாவது, எழுத்துக்களும் முகங்களும் புகை மூடியனபோல் தோன்றுதல். வலித்தலாவது, கண்ணினுள் நோவும் உறுத்தலும் புதிதாக எழுதல். இந்நான்கும் ஒருங்கே தோன்றவேண்டும் என்பதில்லை. ஒன்று தோன்றினும் போதும். சிலர்க்கு வலி சிறிதும் இன்றிப் பார்வை மாத்திரம் மங்கும். வலியில்லையே என்று வாளாவிருத்தல் அவர்க்குப் பெருங்கேடாய் முடியும்.

மங்கலை அறிதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. மற்றக் கண் நலமாயிருப்பின், மாற்றிய கண் மங்குவதை நாம் உணரமாட்டோம். நலமான கண்ணே பார்த்துவிடும். ஆதலின் நாள்தோறும் காலையில், ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில், மற்றக் கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, சுவரிலுள்ள நாட்காட்டியை நோக்குக. நேற்றுப் படித்த எழுத்தை இன்றும் படிக்க முடிகின்றதா என்று காண்க. இதற்கு ஒரு நிமிடமும் செல்லாது. சிறு குழந்தைகட்கு அறுவையாகியிருப்பின் அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். குழந்தை கண்ணைத் திறக்க மறுத்தாலும், வெளிச்சத்திற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், கருவிழியில் வெண்மை தோன்றினாலும் பெற்றோரே அறிந்து கொண்டுசெல்லல் வேண்டும்.

எப்பொழுது செல்வது?

அந்த நாழிகையிலேயே செல்லவேண்டியவை சில. கண்ணில் அடிபட்டுப் பார்வை சட்டென மறைதல், கண்ணிலிருந்து நீர் திடீரெனப் பெருகி வழிதல் ஆகியவை நேர்ந்தால், கண்ணைக் கழுவாமலும் அழுத்தாமலும், கண்மூடியை மாத்திரம் மேலே வைத்து உடனே புறப்படுக. சுண்ணாம்போ அமிலமோ தெறித்தால் மாறாக, முதலில் தூய நீரால் நெடுநேரம் கழுவிப் பின்னர்ப் புறப்படுக. குமிழி இட்ட கண்ணில் பொறுக்கலாற்றாத வலியும் தலைநோவும் வாந்தியும் கூடுமாயின், அழுத்தம் மிகுந்ததன் அறிகுறியாம். விடியும்வரை காத்தல் தகாது.

அந்த நாளிலேயே செல்லவேண்டியவை: மேற்கூறிய நான்கனுள் ஒன்று, பீளை மிகுதல், படலத்தில் வெண்புள்ளி தோன்றல், தளர்ந்த தையல் குத்துவதுபோன்ற உறுத்தல் என்பன. அறுந்த தையல் சிறிதெனினும், கிருமி புகும் வாயிலும் மறுப்பு எழும் காரணமும் அதுவேயாகும். உட்புற அடுக்கு மாற்றியவர்க்கு முதல் நாட்களில் பார்வை முன்னினும் தாழ்ந்தால், அடுக்கு ஒட்டாது விலகியிருத்தல் கூடும். மீண்டும் குமிழி இட்டு அதனை ஒட்டச் செய்ய இயலும்.

பொறுத்துப் பார்க்கத்தக்கது எது, பொறுக்கத்தகாதது எது என்னும் ஐயத்திற்கு ஒரு பொது விதி உண்டு. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே செல்வது இயல்பான ஆறுதல். குறைந்தது மீண்டும் எழுவதும், இல்லாதது புதிதாகத் தோன்றுவதும் ஆபத்து.

காலந்தாழ்த்தும் காரணங்கள்

இவ்வளவு அறிந்தும் மக்கள் காலந்தாழ்த்துவது ஏன்? அறுவடைக் காலத்தில் ஓர் உழவரை எண்ணிப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை அவர் கண் சிவக்கின்றது. களத்துத் தூசி பட்டிருக்கும் என்கிறார். செவ்வாயன்று வெளிச்சம் கூசுகின்றது. கதிர் அடித்து முடியட்டும் என்கிறார். புதனன்று அண்டை வீட்டார் தாய்ப்பாலோ, விளக்கெண்ணெயோ, பச்சிலைச் சாறோ விடச் சொல்கின்றனர். வியாழனன்று கடையில் ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்குகின்றார். தவணை நாள் அடுத்த மாதம்தானே, முன்னதாகச் சென்றால் மருத்துவர் சினப்பாரோ என்றும் அஞ்சுகின்றார். நகரத்திற்குப் பேருந்து ஏறும்போது படலம் வெளுத்துவிட்டது. இவர் மடமையால் செய்தது ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் அவர்க்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. ஆயினும் இழந்தது இழந்ததே.

இவற்றுள் கடை மருந்தின் தீமையைச் சற்று விளக்கவேண்டும். உடல் மறுப்பினால் வந்த சிவப்பும், கிருமியினால் வந்த சிவப்பும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முன்னதற்கு மருந்து ஸ்டீராய்டு. பின்னதற்கு, சிறப்பாகக் காளான் வகைக்கு, அதே மருந்து எரியும் நெருப்பில் எண்ணெய். மருத்துவர் நுண்பெருக்கிக் கருவியால் நோக்கியே இன்னதென்று துணிவர். அங்ஙனமிருக்க, நாம் ஊகித்து இடும் மருந்து காத்தலினும் கெடுத்தலே எளிது. தாய்ப்பாலும் பச்சிலையும் அன்பினால் தரப்படுவனவே. ஆயினும் அவற்றோடு கிருமிகளும் உட்செல்லும்.

மருத்துவர் சினப்பார் என்னும் அச்சமும் வேண்டா. வீணாக ஒருமுறை வந்தவரைக் கண்டு மகிழ்ந்து அனுப்புவதே அவர் விரும்புவது. அறுவை செய்த மருத்துவமனை நெடுந்தொலைவாயின், முதலிற் தொலைபேசியிற் பேசி அவர் சொல்வதைக் கேட்கலாம். அல்லது அருகிலுள்ள கண் மருத்துவரிடமே சென்று, இது கருவிழி மாற்றிய கண் என்பதை முதற்சொல்லாகச் சொல்லலாம். எந்தக் கண், எந்நாள் அறுவை, எவ்வகை, இடும் மருந்துகள் யாவை என்று எழுதிய சீட்டு ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருத்தல் அப்பொழுது பெரிதும் உதவும்.

முடிவுரை

ஒருகால் எல்லாம் செய்தும் படலம் வெளுத்துவிடின் நம்பிக்கை இழக்கவேண்டுவதில்லை; மீண்டும் மாற்றுதல் இயலும். ஆயின் ஒவ்வொரு முறையும் நிலைத்து நிற்கும் வாய்ப்புக் குறைவதாகும் என்பர். அன்றியும், அப்படலத்திற்காகக் காத்திருப்போர் நம் நாட்டிற் பலர், தருவோர் சிலர். இறந்த ஆறு மணி நேரத்திற்குள், துயரத்தில் மூழ்கியிருக்கும் ஒரு குடும்பத்தார் மனம் இசைந்து தந்தமையால் வந்தது அது. அதனைக் காத்தல் தன்னலம் மாத்திரம் அன்று. தந்தார்க்குச் செய்யும் நன்றியும் ஆகும்.

இதனைப் படிக்கும் மாணவ நண்பர்கட்கு ஒரு வார்த்தை. நம்மிற் பலர்க்கு இவ்வறுவை நேராதிருக்கலாம். ஆயின் நம் பாட்டனாருக்கோ, அத்தைக்கோ, அண்டை வீட்டாருக்கோ நேரக்கூடும். குப்பியின்மேல் உள்ள சிறிய எழுத்தைப் படிக்க அவர்களால் இயலாது; நம்மால் இயலும். சொட்டு மருந்தின் நேரங்களைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். விடுமுறையில் ஊர் சென்றால், காலையில் அவர்களை நாட்காட்டியின் முன் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, இன்று தேதி என்ன என்று கேட்கலாம். நேற்றுச் சொன்னவர் இன்று சொல்லத் தடுமாறினால், அறுவடையோ திருமணமோ எதுவாயினும் அதனைப் பிறர் பொறுப்பில் விட்டு, அன்றே அவர்களை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுதல் நம் கடமையாகும்.